சவ்வரிசிப் பாயசமும் இரு நாட்டு உறவும்

கனடாக்காரரையும் தைவான்காரரையும் நெருங்கிப் பழக வைக்க ஓர் அலுவலகம் வேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தபோது, அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. ஒட்டாவாவில் வைத்தால் தைவான்காரர் குளிர் என்பார்கள். தைப்பேயில் வைத்தால் கனடாக்காரர் தூரம் என்பார்கள். இரண்டு தரப்புக்கும் சரிசமமான சிரமம் கொடுக்கும் இடமாகப் பாரிஸ் தெரிவானது. பாரிஸிலே வாடகை கட்டுப்படியாகும் இடமாக லா சப்பல் தெரிவானது. அப்படித்தான் ‘கனடா–தைவான் பொருளாதார, பண்பாட்டு உறவு மேம்பாட்டுப் பேரவை’ என்ற பித்தளைப் பலகை, அரியரத்தினத்தின் சாப்பாட்டுக் கடைக்கு நேர் மேலே, முதலாம் மாடியில் ஏறியது.

அரியரத்தினத்துக்கு அந்தப் பலகையால் ஒரு தொந்தரவும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பத்திரண்டு வருடம். அதில் பதினெட்டு வருடம் இதே கடை, இதே அடுப்பு. மேலே மூன்று பேர் வேலை செய்தார்கள். தலைவர் பெர்னார். பொருளாதார உறவுப் பிரிவுக்கு ஜெனவியேவ் அம்மையார். பண்பாட்டு உறவுப் பிரிவுக்கு அர்னோ. மூன்று வருடத்தில் ஒரு கனடாக்காரரோ ஒரு தைவான்காரரோ அந்தப் படியில் ஏறியதை அரியரத்தினம் கண்டதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தவிர மற்ற எல்லோரும் வந்திருந்து பந்தியில் சாப்பிடுகிற கல்யாண வீடு போல அவருக்குப் பட்டது. கோப்பி குடிக்க இறங்கிவந்த ஜெனவியேவிடம் ஒருநாள் கேட்டும் விட்டார்.

“அவசரப்பட்டால் உறவு கெட்டுவிடும், ஐயா,” என்றார் அம்மையார். “முதலில் உறவுக்கான சட்டகம். அதன் பிறகு உறவுக்கான சொற்கள். ஆட்கள் கடைசிக் கட்டம்.”

அரியரத்தினம் மரியாதையாகத் தலையாட்டினார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வினை பேரவையின் மூன்றாம் ஆண்டு விழாவில் வந்தது. தொடக்க காலத்தில் கனடாவிலிருந்து ஒரு வியாபாரி நல்லெண்ண அடையாளமாக நாற்பது போத்தல் மேப்பிள் மரத்து இனிப்புப் பாணி அனுப்பியிருந்தார். தைவானிலிருந்து இன்னொருவர் ஐந்து மூட்டை சவ்வரிசி அனுப்பியிருந்தார். இரண்டு பேருமே மற்றவருடைய விலாசத்தைத் தரும்படி பேரவையைக் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்கள் ‘தனிநபர் ஆர்வங்கள்’ என்ற கோப்பில் பத்திரமாக இருந்தன. சாமான்களுக்குத்தான் காலாவதித் திகதி நெருங்கிவிட்டது.

அர்னோ படியிறங்கி வந்தார்.

“திரு அரியரத்தினம், உலகத்தில் இதுவரை இல்லாத ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நாடுகளும் நாக்கிலே கைகுலுக்கும் ஒரு சுவை. வியாழக்கிழமைக்குள்.”

அரியரத்தினம் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சவ்வரிசி. போத்தலைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பனம்பாணி அளவுக்கு வராது, ஆனாலும் பாணிதான். சவ்வரிசியையும் பாணியையும் கையிலே கொடுத்துப் புதிதாக ஏதாவது செய் என்றால், ஒரு யாழ்ப்பாணத்து மனிதன் வேறு எதைச் செய்வான்? பாலைக் காய்ச்சினார். கசுக்கொட்டையையும் முந்திரிகை வற்றலையும் நெய்யில் வாட்டினார். ஏலக்காய் தட்டினார்.

மனைவி ஞானமலர் கடைக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா செய்யிறியள்?”

“மேலை இருக்கிறவை புதுசா ஒண்டு கண்டுபிடிக்கச் சொன்னவை.”

“இது பாயசமெல்லே?”

“ஓம். அவைக்குப் புதுசுதானே.”

விழாவுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் வேறு நாடுகளின் உறவை மேம்படுத்தும் வேறு பேரவைகளின் அதிகாரிகள். தலைவர் பெர்னார் பாயசக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உரையாற்றினார்.

“நண்பர்களே! நாம் இந்தப் பணியைத் தொடங்கியபோது ஒட்டாவாவுக்கும் தைப்பேக்கும் இடையே பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். மூன்று ஆண்டுகள் உழைத்திருக்கிறோம். இன்றைக்கும் அதே பன்னிரண்டாயிரம்தான். ஒரு கிலோமீட்டர்கூட அதிகரிக்க நாம் விடவில்லை!”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு அரியரத்தினத்தை மேடைக்கு அழைத்தார்கள். தோளில் ஒரு பட்டுப்பட்டி போட்டார்கள். முத்திரை குத்திய தடித்த தாள்கள் நாலைக் கையில் கொடுத்து, கீழே ஒரு கையெழுத்துக் கேட்டார்கள்.

லா சப்பல் தமிழனுக்கு மேடை மரியாதை புதிதல்ல. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று வருடத்துக்குப் பத்து விழாவாவது நடக்கும். பொன்னாடை போர்ப்பார்கள், வாழ்த்துமடல் கொடுப்பார்கள். வாங்குகிறவர் மடலை வாசிப்பதில்லை, கமராவைப் பார்ப்பார். அரியரத்தினமும் கமராவைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். சங்கத்துக்காரர் ஒரு பக்கம்தான் வாழ்த்துவார்கள். வெள்ளைக்காரர் நாலு பக்கம் வாழ்த்தியிருக்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அடுத்த நாளே நாலு பக்கத்துக்கும் நாலு கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குச் சந்தனப்பொட்டு வைக்கும்போது அந்த நாலுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார்.

ஆறு வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. ஏழாவது கிழமை மகள் அக்‌ஷரா பாரிஸின் புறநகரான பொபினியிலிருந்து வந்தாள். அவள் அங்கே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவள். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டாள். தோசை வரும்வரை நின்றபடியே சுவரை வாசித்தாள். மூன்றாவது சட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“சே பா போசிபிள்! இருக்கவே ஏலாது! அப்பா, இது வாழ்த்து இல்லை. கொந்த்ரா. ஒப்பந்தம்.”

“என்ன ஒப்பந்தம்?”

“மரவள்ளி முத்துகளைப் பாலில் இட்டு இனிப்பூட்டிய பண்டம் எல்லாம் கனடா–தைவான் கூட்டுப் பண்பாட்டுச் சொத்து எண்டு போட்டிருக்கு. இனிமேல் பேரவையைக் கேக்காமல் அதைச் செய்யவும் ஏலாதாம், விக்கவும் ஏலாதாம், ஒருத்தருக்குக் குடுக்கவும் ஏலாதாம். கண்டுபிடிச்ச நீங்களே முழு மனதோட எழுதிக் குடுத்திருக்கிறியள்.”

அரியரத்தினம் கடைசிச் சட்டத்தைப் பார்த்தார். தன் கையெழுத்துக்கு மேலேயே தான் சந்தனம் வைத்திருப்பது தெரிந்தது.

ஞானமலர் கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “அப்ப தேருக்கு?”

அதுதான் விஷயம். ஒன்பது வருடத்துக்கு முன்பு ஞானமலருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை நடந்தது. வைத்தியர்கள் உள்ளே இருந்த ஏழு மணித்தியாலமும் அரியரத்தினம் வெளியே நாற்காலியில் இருந்து நேர்த்தி வைத்தார்: ‘பிள்ளையாரே, இவளை எழுப்பித் தந்தால் பத்து வருசம், உன்ரை தேர் கடை வாசலாலை வாற நேரம், வாற சனத்துக்கெல்லாம் சவ்வரிசிப் பாயசம் குடுப்பன்.’ அவள் எழும்பினாள். ஒன்பது தேருக்குக் கொடுத்தாயிற்று. இந்த ஓகஸ்ட் கடைசி ஞாயிறு பத்தாவது. அதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. செப்டெம்பரில் ஞானமலருக்கு இதயப் பரிசோதனை.

“வேறை பாயசம் காய்ச்சுவம்,” என்று மெதுவாகச் சொன்னார்.

“சவ்வரிசி எண்டு சொல்லித்தானே நேந்தனீங்கள்? ஒன்பது வருசம் சவ்வரிசி, பத்தாவது சேமியா எண்டால் அது என்ன கணக்கு? என்ரை உயிரைக் கொண்டுபோய் நாலு பேப்பரிலை கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு, சட்டமும் அடிச்சு மாட்டி வைச்சிருக்கிறியள்!”

மறுநாள் காலை அரியரத்தினம் சேட்டுப் போட்டுக்கொண்டு முதலாம் மாடிக்கு ஏறினார். தன்னுடைய சமையலறைப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். மூன்று பேரும் அனுதாபத்தோடு கேட்டார்கள். பேரவைக்கு இதுவரை வந்த முதல் விண்ணப்பதாரர் அவர்தான். அர்னோவுக்கு உணர்ச்சிவசத்தில் கண் கலங்கிவிட்டது.

“படிவம் இருக்கிறது,” என்று ஜெனவியேவ் ஓடிப்போய் எடுத்துவந்தார். “நீங்கள் கனடாத் தரப்பா, தைவான் தரப்பா?”

“ரெண்டும் இல்லை.”

“அப்படியென்றால் மூன்றாம் தரப்பு. ஒரு கனடாக்காரரும் ஒரு தைவான்காரரும் சேர்ந்து உங்களைச் சிபாரிசு செய்ய வேண்டும்.”

“நீங்கள் ஆரையாவது அறிமுகப்படுத்தி விட்டால்…”

பெர்னாரின் முகம் இறுகியது. “திரு அரியரத்தினம், இந்தப் பேரவையின் உயிர்மூச்சு நடுநிலை. ஒரு கனடாக்காரரைச் சந்தித்தால் தைவான்காரர் வருந்தலாம். ஒரு தைவான்காரரைச் சந்தித்தால் கனடாக்காரர் வருந்தலாம். மூன்று ஆண்டுகளாக எவரையும் சந்திக்காமல் அந்த நடுநிலையைக் கட்டிக்காத்திருக்கிறோம். உங்கள் ஒரு பாயசத்துக்காக அதைக் குலைக்கச் சொல்கிறீர்களா?”

அரியரத்தினம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

“பாணி விடாமல் சீனி போட்டுக் காய்ச்சினால்?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அது போலி,” என்றார் ஜெனவியேவ். “கனடாப் பாணி இல்லாததால் கூட்டுச் சொத்தின் தரத்தைக் கெடுக்கிறது.”

“பாணி விட்டால்?”

“அது திருட்டு. கூட்டுச் சொத்தை அப்படியே எடுத்துவிடுகிறது.”

“சேமியா?” அது மனைவியிடம் தோற்ற கேள்விதான், ஆனாலும் கேட்டு வைத்தார்.

“நீளமானவை எல்லாம் இத்தாலிக்காரருடைய உறவுப் பேரவைக்குள் வரும்,” என்றார் அர்னோ. “அவர்கள் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் இருக்கிறார்கள். எங்களைவிடக் கடுமையானவர்கள்.”

பொருளாதாரப் பிரிவு ஒரு வழி சொன்னது: விலைக்கு விற்றால் ஜெனவியேவ் பரிசீலிக்கலாம். பண்பாட்டுப் பிரிவும் ஒரு வழி சொன்னது: யாரும் குடிக்காமல் காட்சிக்கு வைத்தால் அர்னோ பரிசீலிக்கலாம்.

“நான் விக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. சும்மா குடுக்கப் போறன்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சும்மா என்ற பிரிவு எங்களிடம் இல்லையே,” என்றார் பெர்னார். “எதற்காகச் சும்மா கொடுக்கிறீர்கள்?”

அரியரத்தினம் நேர்த்தி என்றால் என்னவென்று விளக்கினார். ஆஸ்பத்திரி நாற்காலியைச் சொன்னார். ஏழு மணித்தியாலத்தைச் சொன்னார். ஜெனவியேவ் முழுவதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்.

“அதாவது எங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே வேறொரு தரப்போடு உங்களுக்கு ஓர் உடன்பாடு இருந்திருக்கிறது,” என்றார். “அந்தத் தரப்பு எழுத்திலே உறுதிப்படுத்துமா?”

“பிள்ளையாரோ?”

“பத்து வேலை நாட்களுக்குள் அனுப்பினால் போதும்.”

அரியரத்தினம் படியிறங்கி வந்து கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். ஞானமலர் எட்டிப் பார்த்தாள். அவர் இறங்கிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

“இப்ப என்ன செய்யிறது?” என்றார் அவர்.

“அண்டாவைக் கழுவுறது,” என்றாள் அவள். “அவை அவையின்ரை பேப்பரைப் பாக்கட்டும். நீங்கள் சொன்ன வாக்கை நீங்கள் பாருங்கோ.”

சொல்வது அவளுக்குச் சுலபம். பிரெஞ்சு அரசாங்கத்தின் கடித உறையைக் கண்டாலே அரியரத்தினத்துக்குக் கை நடுங்கும். அகதி விண்ணப்ப காலத்திலிருந்து வந்த நடுக்கம் அது. இந்த மூன்று கிழமையில் பேரவையிலிருந்து ஐந்து உறைகள் வந்தன. முதலாவது எச்சரித்தது. இரண்டாவது முதலாவதை நினைவூட்டியது. மூன்றாவது, ‘பாலில் மிதக்கும் உருண்டையான பொருட்கள் அனைத்தும்’ என்று சொத்தின் எல்லையை விரித்தது. நான்காவது, உருண்டை என்றால் என்னவென்று ஆராயக் குழு அமைத்திருப்பதாகச் சொன்னது. ஐந்தாவது, தேர்நாளன்று பேரவை நேரில் வந்து, மாதிரி எடுத்து, அதை வைத்து வழக்குப் போடும் என்றது. அக்‌ஷரா ஒவ்வொன்றையும் தொலைபேசியில் வாசித்து விளக்கினாள். ஒவ்வொரு விளக்கத்துக்குப் பிறகும் அவர் ஒரு குளிசை விழுங்கினார்.

தேர்நாள் வந்தது. லா சப்பல் தெருக்களில் வாகனம் இல்லை, சனம். கற்பூரம், நாதஸ்வரம், உடைக்கிற தேங்காய், சந்திக்குச் சந்தி மோர்ப்பந்தல். ஸ்காபரோவிலிருந்து ஞானமலரின் தமக்கை மகள் லக்ஷனா தேர் பார்க்க இரண்டு நாளைக்கு முன்புதான் வந்து இறங்கியிருந்தாள். அவளையும் கடதாசிக் குவளைகளோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். தேர் மூன்று தெரு தள்ளி வந்துகொண்டிருந்தது. அரியரத்தினம் வேட்டியும் திருநீறுமாக நின்று முதல் குவளையை ஊற்றினார். சரியாக அப்போதுதான் மாடிப்படியால் மூன்று பேரும் இறங்கினார்கள். பெர்னார் தோளில் பட்டுப்பட்டி. ஜெனவியேவ் கையில் கோப்பு. அர்னோ கையில் மாதிரி எடுக்க மூடியுள்ள போத்தல்.

“பேரவையின் பெயரால் இதை நிறுத்துகிறேன்,” என்றார் பெர்னார்.

அரியரத்தினத்தின் கை நடுங்கியது. பாயசம் குவளைக்கு வெளியே சிந்தியது. ஞானமலர் அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஊத்துங்கோ,” என்றாள். “நான் பிடிச்சிருக்கிறன்.”

“மனிசன் ஊத்துறதை ஏன் மறிக்கிறியள்? வரிசையிலை வாங்கோவன்!” என்று பின்னால் நின்ற ஒருவர் பெர்னாரை அதட்டினார். வெயிலில் வந்த சனம் பேரவையைத் தாண்டிக் கையை நீட்டியது. நாலு சிறுவர்கள் தலைவரின் முழங்கைக்குக் கீழால் புகுந்தார்கள்.

வரிசையில், பக்கத்து விடுதியில் அறை எடுத்திருந்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன் நின்றான். சத்தம் கேட்டுப் படம் பிடிக்க வந்தவன். லக்ஷனா கொடுத்த குவளையில் ஒரு வாய் குடித்துவிட்டு நின்றான். இன்னொரு வாய் குடித்தான்.

“இது எங்கள் வீட்டில் அம்மா செய்வது போலவே இருக்கிறது,” என்றான் ஆங்கிலத்தில். “அவர் தேங்காய்ப்பால் விடுவார்.”

“எங்கள் அம்மாவும் விடுவார்,” என்று அவளும் ஆங்கிலத்துக்கு மாறினாள். “நீங்கள் எந்த ஊர்?”

“தைவான். தாய்னான் நகரம். என் பெயர் வெய்-லுன். நீங்கள்?”

“கனடா.”

பத்தடி தள்ளி நின்ற பெர்னார் அசையாமல் நின்றுவிட்டார். ஜெனவியேவின் கையிலிருந்து கோப்பு நழுவியது.

“இருவருமா?” என்றார் பெர்னார், ஓசை வராத குரலில். “ஒரே இடத்தில்?”

“எங்கள் வேலைத்திட்டப்படி முதல் நேரடித் தொடர்பு ஒன்பதாவது ஆண்டில்தான்,” என்றார் ஜெனவியேவ்.

இதற்கிடையில் அந்தப் பொல்லாத பிள்ளைகள் நிலைமையை மேலும் மோசமாக்கிக் கொண்டிருந்தார்கள். லக்ஷனா கனடாவின் மார்க்கம் நகரில் உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் வேலை செய்பவள். வெய்-லுனின் தகப்பனுக்கு மரவள்ளி மா ஆலை இருந்தது. அவள் விலை கேட்டாள். அவன் தொலைபேசியை எடுத்தான். அவள் இலக்கத்தைச் சொன்னாள். அவன் ஏதோ பகிடி சொன்னான். அவள் சிரித்தாள்.

“அது பொருளாதாரம்!” என்று பாய்ந்தார் ஜெனவியேவ். “இலக்கம் பரிமாறினார்கள்!”

“சிரித்தார்களே, அது பண்பாடு!” என்று அர்னோ அவரை முந்தினார்.

பெர்னார் லக்ஷனாவுக்கும் வெய்-லுனுக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு புகுந்தார். “ஐயா, அம்மணி, தயவுசெய்து விலகி நில்லுங்கள்! கொடி இல்லை, மேசை இல்லை, வரவேற்புரை இல்லை. இந்த நிலையில் நீங்கள் பேசுவது இரு நாட்டு உறவுக்கே ஆபத்து!”

“சித்தப்பா, ஆர் இந்த ஆள்?” என்று கேட்டாள் லக்ஷனா.

“உங்கள் ரெண்டு பேரையும் சேத்து வைக்கிறதுதான் பிள்ளை அவரின்ரை வேலை,” என்றார் அரியரத்தினம், ஊற்றுவதை நிறுத்தாமல்.

இரு நாட்டு உறவைத் தடுப்பதில் பேரவை முழுமூச்சாக ஈடுபட்டது. ஒருவர் லக்ஷனாவை மூன்று மீட்டர் மேற்கே நகர்த்தினார், கனடாத் தரப்பு என்று. இன்னொருவர் வெய்-லுனைக் கிழக்கே நகர்த்தினார். அவர்கள் தலைக்கு மேலால் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டார்கள். படிவம் எடுக்க ஜெனவியேவ் மாடிக்கு ஓடினார். எந்த நிறப் படிவம் என்று அர்னோ பின்னால் ஓடினார். போகிற அவசரத்தில் மாதிரிப் போத்தலை யாரோ ஒரு கிழவரிடம் பிடிக்கக் கொடுத்தார். அவர் அதை வரிசையில் கொண்டுபோய் நிறைத்து, குடித்து, கழுவித் திருப்பிக் கொடுத்தார். இதற்குள் தேர் சந்தி திரும்பிவிட்டது. வடம் பிடித்தவர்கள் வியர்வையும் தேங்காய்த் தண்ணீருமாக வந்தார்கள். அரியரத்தினத்தின் கை இப்போது நடுங்கவில்லை. ஊற்றினார், ஊற்றினார். தேர் கடை வாசலுக்கு நேரே வந்து ஒரு நிமிடம் நின்றது. கடைசி அகப்பையை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார்.

பெர்னார் மூச்சிரைக்க வந்து நின்றார். “மாதிரி,” என்றார். “வழக்குக்கு ஒரு மாதிரி வேண்டும்.”

ஞானமலர் அண்டாவைச் சரித்துக் காட்டினாள். உள்ளே வெயில் மினுங்கியது.

பெர்னார் அண்டாவுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெய்-லுனும் லக்ஷனாவும் கோப்பி குடிக்க மெட்ரோப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாலு படிவங்களோடு ஜெனவியேவ் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார். தலைவரும் பட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

தேர் நகர்ந்தது. ஞானமலர் கைகூப்பியபடி, கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய வெகுநேரம் நின்றாள்.

“பத்தும் முடிஞ்சுதப்பா,” என்றார் அரியரத்தினம். “இனி ஒரு கடனும் இல்லை. நீர் என்னத்தைக் கும்பிட்டனீர்?”

“இவை மூண்டு பேரும் மாடியை விட்டுப் போகவேணும் எண்டு நேந்தனான்.”

“நல்லது. என்ன குடுக்கிறன் எண்டு சொன்னனீர்?”

“இன்னும் பத்து வருசம் பாயசம்,” என்றாள் ஞானமலர். “காய்ச்சுறது நீங்கள்தான் எண்டும் சொல்லிப்போட்டன்.”